மூடியில் வைத்த பொட்டு

என் பெயர் காளிராஜ். வயது இருபத்துநாலு. சொந்த ஊர் மல்லாங்கிணறு. இப்போது இருப்பது ஓமன் நாட்டில், சோஹார் என்ற ஊரில், லாரி பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில். வெயிலுக்காக மத்தியானம் மூன்று மணி நேரம் வேலையை நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் போனில் பேசிப் பேசி, போனையே இதை எழுத வைக்கிறேன். எங்காவது பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். என் அக்கா அனுப்பிரியாவும் மச்சான் முத்துக்கிருஷ்ணனும் போன வாரம் ஒரு பழைய வேன் வாங்கியிருக்கிறார்கள். வருகிற ஆடிக் கடைசி வெள்ளிக்கு அவர்கள் மகள் ஹர்ஷினிக்கு மொட்டை போட, எங்கள் அம்மாவையும் சேர்த்து ஒன்பது பேர் அந்த வேனில் இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகிறார்கள். அந்த வேனில் பிரேக் நிற்காது. எனக்குத் தெரியும். அதைக் கடைசியாகப் பிரித்து மாட்டியவன் நான்.

அக்கா அனுப்பிய வீடியோவில் பிள்ளை வேனைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறாள். நம்பரைப் பார்த்ததும் அந்த வேன்தான் என்று தெரிந்துவிட்டது. உடனே மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், அந்த வண்டிய எடுக்காதீக. பிரேக்குல கோளாறு இருக்கு."

"ஏ மாப்ளே, அங்கன ஒட்டகத்தப் பாத்துப் பாத்து ஒனக்கு வண்டியே மறந்துபோச்சா? பிரேக்கு கும்முன்னு நிக்குதுலே. விருதுநகர்ல இருந்து வீடு வரைக்கும் நாந்தான ஓட்டிட்டு வந்தேன்."

"ஒளுகுதா?"

"பளைய வண்டி, லேசா ஒளுகத்தான் செய்யும். ஒளுகாம இருக்க அது என்ன பித்தளக் கொடமா? கீள ஒரு சாக்க விரிச்சிருக்கேன்."

"எங்கன ஒளுகுது? முன்னயா, பின்னயா?"

"ஒங்க அக்கா கண்ணு ஒளுகுறதுக்கு இது எம்புட்டோ தேவல. மொட்டைக்குத் தாய்மாமன் மடி இல்லையேன்னு காலையில இருந்து மூக்க உறிஞ்சிக்கிட்டு இருக்கா. இந்தா, அவகிட்டப் பேசு."

அக்கா வாங்கினாள். கெடா வாங்கியாச்சு என்றாள், பிள்ளைக்குப் பாவாடை தைக்கக் கொடுத்த இடத்தில் இடுப்பு பெரிசாகிவிட்டது என்றாள், அம்மா பட்டாசு செய்கிற வெடி ஆபீசில் லீவு சொல்லிவிட்டாள் என்றாள். நான் வேனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் "நீ இல்லாம என்னடா மொட்டை" என்று அழுதாள். சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

உண்மையில் போனில் சொல்ல முடியாத விஷயம் அது. வண்டியில் என்ன கோளாறு என்று சொன்னால், எப்படி வந்தது என்று மச்சான் கேட்பார். அதைச் சொன்னால் நான் என்ன செய்தேன் என்பதும் கூடவே வரும். அதனால் முதலில் இருந்து சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் படியுங்கள்.

நான் சிவகாசியில், திருத்தங்கல் ரோட்டில், சின்னச்சாமி அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். ஒர்க்‌ஷாப் நின்ற இடம் ரத்தினசாமி அண்ணாச்சியுடையது. அண்ணாச்சிக்குப் பக்கத்துத் தெருவில் காலண்டர் அடிக்கிற பிரஸ். இந்த வேன் அப்போது அவர் வீட்டு வண்டி. பதினெட்டு வருஷத்து வண்டி, பின்னால் நீளமாக இரண்டு வரிசை சீட்டு. என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால்தான் தெரியும். பெத்தணன் என்ற ஆலங்குளத்துக்காரர் பதினோரு வருஷமாக அதை ஓட்டினார்.

போன தை கடைசி வெள்ளிக்கு அண்ணாச்சி குடும்பம் இருக்கன்குடிக்குப் போனது. கெடா வெட்டிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, சாத்தூருக்கு முன்னால் ஒரு பாலத்து இறக்கத்தில் பிரேக் இல்லாமல் போய்விட்டது. எதிரே கரும்புச்சாறு வண்டி, அதைச் சுற்றி பாதயாத்திரை ஆட்கள். பெத்தணன் அண்ணன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே வண்டியை ஓரமாகக் கொட்டிக் கிடந்த ஜல்லிக் குவியலில் ஏற்றிவிட்டார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஸ்டியரிங் சுழன்று அடித்ததில் அவருக்கு மட்டும் வலது மணிக்கட்டு முறிந்தது.

டிரைவர் தூங்கிவிட்டான் என்று வண்டிக்குள் இருந்த யாரோ சொன்னார்கள். பொழுது சாயும் முன்னால் பிரஸ்ஸில் எல்லாருக்கும் அதுவே தெரிந்தது.

மறுநாள் பதினோரு மணி வெயிலில் வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். பக்கவாட்டுக் கதவைத் தள்ளினேன். உள்ளே இருந்து வந்த நாற்றத்தில் இரண்டு எட்டு பின்னால் வந்துவிட்டேன். வெட்டிய கெடாவில் மிச்சமான பச்சைக்கறியை ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடையில் வைத்து சீட்டுக்குக் கீழே தள்ளியிருக்கிறார்கள். ஜல்லியில் ஏறிய குலுக்கலில் அது கவிழ்ந்து, ரத்தமும் தண்ணியும் ரப்பர் மேட்டுக்கு அடியில் ஓடி, ராத்திரி முழுக்க மூடிய வண்டிக்குள் கிடந்து, காலை வெயிலில் வெந்திருந்தது. அதன் மேல் பிள்ளைகள் எடுத்த வாந்தி. இளநீர். உடைந்த பாத்திரத்துத் தயிர். மேட்டின் நுனியைத் தூக்கினால் நூல் நூலாக இழுத்தது. ஈ மொய்த்ததில் மேட்டின் நிறமே தெரியவில்லை.

சின்னச்சாமி அண்ணன் தூரத்தில் நின்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏலே காளி, இதுல எது வண்டி ஒளுகுனது, எது ஆடு ஒளுகுனதுன்னு மொதல்ல பிரிச்சுச் சொல்லு."

"ரெண்டும் ஒண்ணாத்தாண்ணே கெடக்கு."

"மோந்து பாருலே. ஆட்டுக்கு பிரேக் ஆயில் வாசம் வராது."

"நீங்க வந்து மோந்து பாருங்கண்ணே."

"நான் மொதலாளிலே. நான் எதுக்கு மோக்கணும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் குனிந்து மேட்டை உருவியபோது காலையில் தின்ற இட்லி வேப்பமரத்து மூட்டில் வந்து விழுந்தது. சோப்புத் தூள், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எல்லாம் போட்டு நாலு தடவை கழுவினேன். மூன்று நாளைக்கு எந்தச் சோற்றில் கை வைத்தாலும் அந்த வாடைதான். புரோட்டாக் கடையில் கரண்டி கேட்டு வாங்கித் தின்றேன். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

இவ்வளவும் கழுவிய பிறகு எங்கே ஒழுகியது என்று வண்டியில் அடையாளம் இல்லை. அதனால் அண்ணாச்சி வீட்டில் வண்டி நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார் சின்னச்சாமி அண்ணன். போனேன். அண்ணாச்சி வீட்டம்மா கற்பகவல்லி அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"அங்கனயே நில்லு தம்பி. ஒம்மேல அந்த வண்டி வாடை வருது."

"ஒளுகுன எடத்த மட்டும் பாத்துட்டுப் போயிர்றேங்கா."

"பாரு. நல்லாப் பாரு. எங்கன நின்னாலும் பால்குடிப் பிள்ள மாதிரி நனைச்சு வைக்கிற சனியன். புதுசாப் போட்ட கல்லு கறையாயிரும்னு நாந்தான் ஷீட்டு விரிச்சு வச்சேன்."

பிரஸ்ஸில் கலர் தள்ளிப்போன வேஸ்ட் ஷீட்டுகள் அவை. சாமி படம் அடித்ததைக் காலடியில் போடக் கூடாது என்று, குழந்தை படம் அடித்ததாகப் பார்த்து எடுத்து விரித்திருந்தார். ஒரு ஷீட்டுக்கு ஆறு குழந்தை. ஆறும் ஒரே குழந்தை, தொப்பி வைத்துச் சிரிக்கிறது. என்ஜின் நின்ற இடத்தில் கறுப்புத் திட்டு. அது எந்தப் பழைய வண்டிக்கும் இருப்பதுதான். ரேடியேட்டர் பக்கம் பச்சையாகக் காய்ந்து தாள் சுருங்கியிருந்தது. அதுவும் பெரிய விஷயம் இல்லை. பின் இடது சக்கரம் நின்ற இடத்திலும், டிரைவர் கால் வைக்கிற இடத்துக்குக் கீழேயும் குழந்தைக்கு முகமே இல்லை. மை கரைந்து கண்ணும் வாயும் ஒன்றாக வழிந்து, ரோஸ் நிறத்தில் ஒரு கூழ் மட்டும் இருந்தது. அச்சு மையை அப்படித் தின்பது பிரேக் ஆயில்தான்.

நான் விரலால் தொட்டு மோந்து பார்த்தேன்.

"அய்ய, அதப் போயி மோக்குறான் பாரு" என்று கற்பகவல்லி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்த மூஞ்சியப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. வண்டி இனி இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"பெத்தணண்ணே தூங்கிட்டாராங்கா?"

அவர் வீட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"பதினோரு வருசத்துல அவன் கொட்டாவி விட்டுக்கூட நான் பாத்ததில்ல. ஆனா இவுக சொல்றாக. நான் என்ன சொல்ல?"

மறுபடி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து பின் இடது சக்கரத்தைக் கழற்றினேன். டிரம்முக்குள் ஒரே கசகசப்பு. பிரேக் தகடு ஆயிலில் ஊறி, அதில் புழுதி அப்பி, ரத்தக்கட்டி மாதிரி இருந்தது. உள்ளே சின்னதாக ஒரு ரப்பர்க் கிண்ணம் இருக்கும், கப் என்போம். பெடலை மிதித்தால் அதுதான் ஆயிலை வெளியே விடாமல் தாங்கித் தகட்டைத் தள்ளும். அது ஊதிப்போய், ஓரம் பிய்ந்து கிடந்தது. வயசான ரப்பர் காய்ந்து வெடிக்கும். ஊதாது. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

முன்பக்க மூடியைத் திறந்து பிரேக் ஆயில் ஊற்றுகிற வெள்ளை டப்பாவைப் பார்த்தேன். அதன் மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் உண்டு. மூடியைத் திருகியதும் அந்த வளையம் நனைந்த அப்பளம் மாதிரி நெளிந்து வெளியே வந்து விழுந்தது. மறுபடி உள்ளே வைத்தால் அடங்கவில்லை. அளவைவிடப் பெரிதாகிவிட்டது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன்.

மூடியின் மேல் சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமப் பொட்டு.

அதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆயுத பூஜை அன்றைக்கு ரத்தினசாமி அண்ணாச்சி குளித்து ஈர வேட்டியோடு, தன் கையால் வீட்டிலும் பிரஸ்ஸிலும் உள்ள அத்தனை மிஷினுக்கும் மூணு கரண்டி எண்ணெய் விடுவார். பெரிய அச்சு மிஷினில் இருந்து வீட்டுத் தையல் மிஷின் வரைக்கும். எண்ணெய் விடாத மிஷின் அந்த வருஷம் பட்டினி என்பது அந்த வீட்டு நம்பிக்கை. விட்ட இடத்தில் சந்தனம் தொட்டுப் பொட்டு வைப்பார். வேனுக்கு மட்டும் பெத்தணன் அண்ணன் சீட்டைத் தூக்கி, என்ஜின் மூடியைத் திறந்து பிடித்துக்கொள்வார்.

டீக்கிளாஸில் தண்ணி பிடித்து, டப்பாவில் இருந்து மேலாக ஒரு கரண்டி எடுத்து விட்டேன். பிரேக் ஆயில் என்று பேர்தானே தவிர அது எண்ணெய் இல்லை. தண்ணியில் விட்டால் கரைந்து காணாமல் போகும். இது மேலே வந்து வட்டமாக நின்றது. பிரஸ் மிஷினுக்கு விடுகிற எண்ணெய். ரப்பர் அதைக் குடித்தால் ஊதும். ஊதினால் முதலில் பிரேக் விடாமல் பிடிக்கும், சக்கரம் சூடாகும். அப்புறம் கிழியும். ஒரு நாள் மிதித்தால் காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டியில் கிரீஸ் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"என்ன சின்னச்சாமி, ஒரு பிரேக்குக்கு எம்புட்டு நேரம்?"

"அண்ணாச்சி, பய ஒண்ணு பாத்திருக்கான். அதான் ஒங்களுக்குச் சொல்லிரலாம்னு."

நான் கிளாஸை நீட்டினேன். "பிரேக் ஆயில்ல மிஷின் எண்ணெய் கலந்திருக்கு அண்ணாச்சி. ரப்பரு பூராம் ஊதிப்போச்சு. அதான் நிக்கல."

"எவன் ஊத்துனது? பெத்தணப் பயலா?"

நான் வாயால் சொல்லவில்லை. மூடியைக் கொடுத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அன்னைக்கு அவன் லீவு" என்றார். "மாமனாரு செத்துட்டாருன்னு ஆலங்குளம் போயிட்டான். சீட்டு மேல பொரி, பழம், வாழக்கன்னு அம்புட்டும் கெடக்கு. தூக்க ஆளில்ல. நல்ல நேரம் போகுது. வண்டியப் பட்டினி போடச் சொல்றியா? வண்டி முன்பக்கத்தத் தெறந்தேன், அங்கன கண்ணுல பட்ட மூடியக் களட்டி மூணு கரண்டி விட்டேன்."

"மூணு கரண்டி போதும் அண்ணாச்சி" என்று சின்னச்சாமி அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

"எதுக்குப் போதும்? என் கையால எண்ணெய் வாங்கி முப்பத்தாறு வருசமா ஒரு மிஷின் நின்னதில்ல. எங்க அப்பாரு கையால வாங்குன கட்டிங் மிஷின் இன்னும் ஓடுது. நீங்க ரெண்டு பேரும் டீக்கிளாஸ வச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்கீக."

"எண்ணெயில தப்பில்ல அண்ணாச்சி. விட்ட எடந்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டைவிரலை வாயில் வைத்து எச்சிலைத் தொட்டார். அந்தப் பொட்டின் மேல் வைத்துத் தேய்த்தார். சந்தனம் ஊறிக் குழம்பாக வந்தது. மறுபடி எச்சில் தொட்டுத் தேய்த்தார். விரலை எங்கள் கைதுடைக்கிற பஞ்சில் துடைத்துவிட்டு மூடியை என் கையில் போட்டார். ஈரமாக இருந்தது. செத்த ஆட்டு ரத்தத்தில் கையை விட்டபோதுகூட எனக்கு உடம்பு அப்படிக் கூசவில்லை.

"இப்ப இதுல என்ன இருக்கு?" என்றார்.

சொல்லிவிட்டு வேன் பக்கம் திரும்பினார்.

"என்ன செய்யணும் இதுக்கு?"

"மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து நாலு வீலு வரைக்கும் அம்புட்டு ரப்பரையும் மாத்தணும் அண்ணாச்சி. பைப்பக் களட்டிக் களுவணும்" என்றேன்.

"அம்புட்டையும் களட்டிப் போட்டா போறவன் வாறவன் எல்லாம் எதுக்குன்னு கேப்பான். பின்னால கப்பு பிஞ்சிருக்குன்னேல்ல, அத மாத்து. புது ஆயில ஊத்தி ஏர எடு. விக்கப்போற வண்டிதான." சின்னச்சாமி அண்ணன் பக்கம் திரும்பினார். "டிரைவரு தூங்கிட்டான். பளைய ரப்பரு. அம்புட்டுத்தான. என்ன சின்னச்சாமி?"

சின்னச்சாமி அண்ணன் ஒர்க்‌ஷாப்பின் கூரையை ஒரு தடவை பார்த்தார். "சரி அண்ணாச்சி" என்றார்.

அண்ணாச்சி போன பிறகு அண்ணன் என்னிடம், "ஏங்கிட்ட ஒண்ணும் கேக்காத. செய்யி" என்றார். செய்தேன். பின் சக்கரம் இரண்டுக்கும் புது கப் போட்டேன். டப்பாவில் மேலாக நின்ற எண்ணெயை உறிஞ்சி எடுத்தேன். புது மூடி போட்டேன். பெடலை மிதித்து மிதித்துக் காற்றை வெளியே எடுத்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. ஆனால் மிதித்ததும் ஆயிலை நாலு சக்கரத்துக்கும் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊதிய ரப்பர் அப்படியே இருக்கிறது. குழாய்க்குள் எண்ணெய் இருக்கிறது. நான் போட்ட புது கப்பையும் அது ஊத வைக்கும். கொஞ்ச நாள் நன்றாக நிற்கும். மச்சான் சொல்வது பொய்யில்லை, இப்போது கும்மென்றுதான் நிற்கும். நீண்ட தூரம் போய், சூடு ஏறி, இறக்கத்தில் மிதிக்கும்போதுதான் தெரியும்.

வேலை முடிந்த அன்றைக்குப் பெத்தணன் அண்ணன் வந்தார். கையை மாவுக்கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். இடது கையில் தூக்கு வாளியில் எங்களுக்கு டீ வாங்கி வந்திருந்தார். வேனைச் சுற்றி வந்து, ஜல்லியில் உரசிய இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்ணு கேப்பேன். மறைக்காமச் சொல்லணும்."

"கேளுங்கண்ணே."

"நான் மிதிச்சேன்னுதான் நெனைக்கேன். கால் கீள வரைக்கும் போச்சு. படி இருக்கும்னு நெனச்சு இருட்டுல காலு வைப்போமே, அப்படிப் போச்சு. ஆனா தூங்கிட்டேன்னு சொல்றாக. மொதலாளி சொல்றாக, பேரப்பிள்ளைகூடச் சொல்லுது. கேட்டுக் கேட்டு இப்ப எனக்கே தெரியல. தூக்கத்துலதான் மிதிச்சேனோ என்னமோ. நீ பிரிச்சுப் பாத்தேல்ல. நான் மிதிச்சேனா, மிதிக்கலையா? அத மட்டும் சொல்லு."

உள்ளே சின்னச்சாமி அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"ரப்பரு பளசுண்ணே" என்றேன். "அம்புட்டுத்தான்."

"அப்ப ஒளுகியிருக்கணுமே. நான்ல முந்தியே பாத்திருக்கணும். டிரைவருக்கு அதுதான வேல."

"ஆமாண்ணே."

அந்த ஆமாவை நான் சொன்னேன். யாரும் என் கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு டீயை ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். அவர் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை, கூப்பிட்ட இடத்துக்கும் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆலங்குளத்தில் தேங்காய் உரிக்கப் போகிறாராம், அந்தக் கையை வைத்துக்கொண்டு.

ஒர்க்‌ஷாப் நோட்டில் வழக்கமாக வேலை முடித்தவன்தான் எழுத வேண்டும். நான் எழுதினேன். 'பின் வீல் கப் மாற்றியது. ஏர் எடுத்தது. ஓட்டிப் பார்த்தது. பிரேக் சரி. காளிராஜ்.' எழுதி முடித்ததும் சின்னச்சாமி அண்ணன் வாசித்துப் பார்த்து, "கையெளுத்து நல்லாருக்குலே" என்றார். பங்குனி பிறந்ததும் நான் இங்கே வந்துவிட்டேன். விசா வந்தது என்று வீட்டில் உங்களிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அந்த ஒர்க்‌ஷாப்பைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. வேன் எங்கோ போய்விட்டது, யாரோ வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த யாரோவுக்கு ஒரு முகம் உண்டு என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இன்று காலையில் மச்சானுக்கு மறுபடி போன் போட்டேன். விடாமல் சொன்னேன்.

"மச்சான், சாமி சத்தியமாச் சொல்றேன், அது நிக்காது."

"மாப்ளே, நீ மாத்தி மாத்திப் பேசுற. நான் என்ன கண்ண மூடிக்கிட்டா வாங்குனேன்? இரு, ஒண்ணு அனுப்புறேன் பாரு. அதப் பாத்துட்டுப் பேசு."

போட்டோ வந்தது. ஒர்க்‌ஷாப் நோட்டில் இருந்து கிழித்த தாள். ஓரத்தில் கிரீஸ் விரல் பதிந்திருக்கிறது, அதுவும் என்னுடையதாகத்தான் இருக்கும். பிரேக் சரி. காளிராஜ்.

"புரோக்கர் இதத்தான் காட்டுனாரு" என்றார் மச்சான். "வேற ரெண்டு வண்டி பாத்து வச்சிருந்தேன். எம்மச்சினன் கைப்பட எளுதியிருக்கான், இதவிட என்ன வேணும்னு ஒங்க அக்காகிட்டச் சொல்லித்தான் இத வாங்குனேன். இப்ப நீயே நிக்காதுங்க. அப்ப அன்னைக்கு எளுதுனது என்ன?"

சூப்பர்வைசர் கூப்பிடுகிறார் என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில்தான் இவ்வளவும்.

அன்றைக்கு நான் எழுதியது பொய் மச்சான். இது நிஜம். இரண்டும் என் எழுத்துதான். இதை நம்புங்கள்.

நான் சொல்வது உண்மைதானா என்று பார்க்க வேண்டுமென்றால், முன்பக்கத்தைத் திறந்து அந்த வெள்ளை டப்பாவின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். நான் போட்ட புது ரப்பர் வளையமும் இந்நேரம் ஊதியிருக்கும், மறுபடி அடங்காது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய மூடியும் வீட்டிலேயே இருக்கிறது. தூக்கிப் போட மனசில்லாமல் கொண்டுவந்து, பரணில் இருக்கும் என் தகரப் பெட்டியில், பழைய சட்டைக்குள் சுருட்டி வைத்தேன். அண்ணாச்சி மேலேதான் துடைத்தார். ஓரத்தில் பிடித்துத் திருகுகிற வரிப்பள்ளத்துக்குள் அவர் விரல் போகவில்லை. அங்கே குங்குமம் இன்னும் இருக்கும்.

வீட்டில் இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் நான் கேட்பது இவ்வளவுதான். படித்ததும் வேன் சாவியை எடுத்து எங்கள் அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை எல்லாரும் பஸ்ஸில் இருக்கன்குடிக்குப் போங்கள். கூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளைக்கு மொட்டை போட்டுத் திரும்பி வந்த பிறகு, மச்சான் ஒரு நாள் ஆலங்குளம் போய், சிமெண்ட் ஆலை பஸ் ஸ்டாப்பில் டிரைவர் பெத்தணன் வீடு எது என்று கேளுங்கள். அந்தப் பழைய மூடியை அவர் கையில் கொடுங்கள். அவர் மிதித்தார் என்று சொல்லுங்கள். காளிராஜ் பிரித்துப் பார்த்தான், நீங்கள் மிதித்தீர்கள் என்று சொல்லச் சொன்னான் என்று சொல்லுங்கள்.